அச்சில் எதைக் குறிக்கிறோம்?

மேல்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் எடுக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு,

நான் ஓய்வு பெற்று ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் யாராவது கணக்கு நோட்டோடு வாசலில் வந்து நின்றால், கை தானாகச் சட்டைப் பையில் சாக்பீஸைத் தேடுகிறது. சென்ற மாதம் அப்படி வந்து நின்றவள் எதிர்வீட்டுப் பெண். நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறாள். அவள் கேட்க வந்தது வேறு கணக்கு. நோட்டைப் புரட்டியபோது எனக்கு மிகவும் பிடித்த பழைய கணக்கு ஒன்று கண்ணில் பட்டது.

இரண்டு தோழிகள் மாலை 5 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் பேருந்து நிலைய வாசலில் சந்திப்பதாகப் பேசிக்கொள்கிறார்கள். யார் எப்போது வருவார்கள் என்று சொல்ல முடியாது. முதலில் வருபவள் 15 நிமிடம் காத்திருப்பாள், பிறகு போய்விடுவாள். இருவரும் சந்திக்கும் நிகழ்தகவு என்ன?

கீழே ஒரே வரியில் விடை எழுதியிருந்தாள்: 7/16. சரியான விடைதான்.

“படம் போடலையாம்மா?”

“ஷார்ட்கட் இருக்கு சார். காத்திருக்கிற நேரத்தை மொத்த நேரத்தால வகுத்து, ஒண்ணுல இருந்து கழிச்சு, வர்க்கம் எடுத்து, திரும்ப ஒண்ணுல இருந்து கழிக்கணும்.”

“ஒருத்தி 10 நிமிஷம்தான் நிப்பா, இன்னொருத்தி 20 நிமிஷம் நிப்பான்னா?”

நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “அதுக்கு ஃபார்முலா குடுக்கலை சார்.”

அந்தப் பெண்மேல் எனக்குக் குறை இல்லை. நம்மேல்தான் குறை. பதினொன்றாம் வகுப்பில் அசமன்பாடு கொடுத்து நிழலிடச் சொல்லித் தருகிறோம். பன்னிரண்டாம் வகுப்பில் தொகையிட்டுப் பரப்பு காணச் சொல்லித் தருகிறோம். நிகழ்தகவு என்று தனியாக ஒரு பாடம், அதில் பகடையும் சீட்டுக்கட்டும் நிறப் பந்துகளும். மூன்றும் நம் வகுப்பறையில் கடைசிவரை சந்தித்துக்கொள்வதே இல்லை, அந்தத் தோழிகளில் பாதிப் பேரைப் போல.

திண்ணையிலேயே ஒரு சதுரம் வரைந்தோம். கிடை அச்சில் முதல் தோழி வரும் நேரம், 0 முதல் 60 நிமிடம் வரை. குத்து அச்சில் இரண்டாமவள் வரும் நேரம், அதுவும் 0 முதல் 60. ஒருத்தி 5.20-க்கும் மற்றவள் 5.50-க்கும் வந்தால் அது (20, 50) என்ற புள்ளி. ஒரு முழு மாலைப் பொழுது ஒரே புள்ளியாகச் சுருங்கிவிடுகிறது. இனி வரக்கூடிய எல்லா மாலைகளும் அந்தச் சதுரத்துக்குள் கிடக்கின்றன. இரண்டு நேரங்களுக்கும் இடையே வித்தியாசம் 15-க்கு மேல் போகாத புள்ளிகள் மூலைவிட்டத்தை ஒட்டி ஒரு பட்டையாக அமைகின்றன. சந்திக்காத மாலைகள் மேல் இடது மூலையிலும் கீழ் வலது மூலையிலும் இரண்டு செங்கோண முக்கோணங்கள். ஒவ்வொன்றின் செங்கோணப் பக்கங்களும் 45. இரண்டையும் ஒட்டினால் 45-க்கு 45 சதுரம், பரப்பு 2025. மொத்தம் 3600. சந்திக்காத நிகழ்தகவு 9/16, மிச்சம் 7/16.

இதுவரை நீங்கள் எல்லோரும் அறிந்தது. நான் சொல்ல வந்தது இதற்கடுத்த அரை மணி நேரத்தைப் பற்றி. அதைத்தான் நாம் வகுப்பில் ஒதுக்குவதில்லை.

இந்தக் கணக்கைப் படம் இல்லாமல் கேட்டால் கெட்டிக்காரப் பிள்ளைகள் பாதி என்பார்கள். “நான் வந்ததுக்கு முன்னால 15 நிமிஷம், பின்னால 15 நிமிஷம், அந்த 30 நிமிஷத்துக்குள்ள அவ வந்தாப் போதும். 30/60.” இதைத் தப்பு என்று அடித்துவிட்டு நகர்வது பெரிய நஷ்டம். பட்டையைச் சதுரத்தின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் தாண்டி நீட்டி வரையச் சொல்லுங்கள். அப்போது அது இணைகரம், பரப்பு 30 × 60 = 1800, அதாவது சரியாகப் பாதி. ஆனால் 5.50-க்கு வந்தவளுக்குப் பின்னால் 15 நிமிடம் கிடையாது, 6 மணியோடு கதை முடிந்தது. இணைகரம் சதுரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடம் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று 15-க்கு 15 முக்கோணங்கள். இரண்டும் சேர்ந்து 225. 3600-இல் 225 என்பது 1/16. பாதியிலிருந்து 1/16 போனால் 7/16. பிள்ளைகள் செய்த பிழை எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்பதைக் கையால் தொட்டுக் காட்டலாம். பகடைக் கணக்கில் இந்தச் சுகம் கிடைக்காது.

10 நிமிடமும் 20 நிமிடமும் நிற்கும் தோழிகளுக்கு முக்கோணங்கள் 50-க்கு 50, 40-க்கு 40. பரப்பு 1250, 800. மிச்சம் 1550, விடை 31/72. இது 7/16-ஐவிடக் கொஞ்சம் குறைவு. ஒருத்தி 30 நிமிடம் நின்று, மற்றவள் ஒரு நிமிடம்கூட நிற்காமல் போனால் 3/8, இன்னும் குறைவு. மொத்தம் 30 நிமிடப் பொறுமையை இருவரும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டால்தான் சந்திப்பு அதிகம். எதிர்வீட்டுப் பெண் இதைக் கேட்டு யாரையோ நினைத்துச் சிரித்தாள். நான் விசாரிக்கவில்லை.

முன்பு ஒரு வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: “ரெண்டு பேரும் டாண்ணு ஒரே நேரத்துல வர்றது எந்த இடம் சார்?” மூலைவிட்டத்தைக் காட்டினேன். “கோட்டுக்குப் பரப்பு இல்லையே, அப்ப நிகழ்தகவு பூஜ்யம். ஆனா அப்படி வரலாம்தானே?” வரலாம்தான். நடக்கக்கூடியது, ஆனால் நிகழ்தகவு பூஜ்யம். நடக்கவே முடியாததற்குப் பூஜ்யம் என்று பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்ததைத் திருப்பிப் போட்டால் செல்லாது என்பது அன்று ஒரு மூலைவிட்டத்தில் தெரிந்தது. அந்தப் பையன் இப்போது என்ன செய்கிறான் என்று எனக்குத் தெரியாது. கேள்வி மட்டும் நினைவிருக்கிறது.

என்.சி.இ.ஆர்.டி பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் வெகுகாலம் ஒரு கணக்கு இருந்தது: செவ்வக நிலப்பகுதியில் ஒரு ஹெலிகாப்டர் விழுந்துவிட்டது, அது அங்குள்ள ஏரிக்குள் விழுந்திருக்கும் நிகழ்தகவு என்ன? நல்ல தொடக்கம். ஆனால் அங்கே பரப்பு என்பது நிஜமான நிலம். தோழிகள் கணக்கின் சதுரமோ பேருந்து நிலையத்தில் எங்கும் கிடையாது. அது நேரத்தால் ஆன நிலம். ஹெலிகாப்டரிலிருந்து தோழிகளுக்குத் தாண்டும் அந்தத் தாண்டலைத்தான் ஃபார்முலா மறைத்துவிடுகிறது. அச்சில் எதைக் குறிப்பது என்று மாணவர் தானே முடிவு செய்ய வேண்டும். எது நிச்சயமில்லாமல் இருக்கிறதோ அது அச்சில் போகும்.

பரப்பால் நிகழ்தகவு காண்பதைத் தொடங்கி வைத்தவர் இயற்கை வரலாற்றுக்குப் பேர்போன பிரெஞ்சுக்காரர் பூஃபோன். 1733-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் ஒரு விளையாட்டைப் பற்றிப் பேசினார். ஓடு பாவிய தரையில் காசை வீசுவது. காசு ஒரே ஓட்டுக்குள் முழுதாக விழுமா, கோட்டைத் தொடுமா என்று பந்தயம். காசின் மையம் எங்கே விழலாம் என்று பாருங்கள். ஓட்டின் நான்கு ஓரங்களிலிருந்தும் ஆரம் அளவு உள்ளே தள்ளி ஒரு சின்னச் சதுரம். மையம் அதற்குள் விழுந்தால் காசு தப்பித்தது.

நம்முடைய பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். தரையில் 9 சென்டிமீட்டர் கட்டங்கள் போட்டால் சின்னச் சதுரத்தின் பக்கம் 63 மில்லிமீட்டர். 63/90 என்பது 0.7, வர்க்கம் 0.49. வீசுபவருக்கு 49, கடைக்காரருக்கு 51. ஒருமுறை பள்ளி விழாவில் பிள்ளைகளை வைத்து இந்தக் கடை போட்டேன். தலைமையாசிரியர் சூதாட்டம் என்று முகம் சுளித்ததால் பரிசைக் கடலை மிட்டாயாக மாற்றினோம். ஆனால் மிட்டாய் எதிர்பார்த்த அளவு செலவாகவில்லை. சாயங்காலம் ஒரு மாணவிதான் கண்டுபிடித்தாள்: சாக்பீஸ் கோடே 3 மில்லிமீட்டர் தடிமன். அதைக் கழித்தால் மையத்துக்குக் கிடைக்கும் சதுரம் 60 மில்லிமீட்டர்தான். 60/90-இன் வர்க்கம் 4/9, கிட்டத்தட்ட 0.44. கோட்டுக்கு அகலம் இல்லை என்று யூக்ளிட் சொன்னதை நம்பி நாங்கள் கொஞ்சம் மிட்டாய் மிச்சம் பிடித்துவிட்டோம்.

இந்த 0.7-இன் வர்க்கத்தை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதல்லவா? தோழிகள் சந்திக்காத இரண்டு முக்கோணங்களை ஒட்டிச் சதுரமாக்கினோமே, அதே சதுரம்தான். காத்திருக்கும் நேரம் காசின் விட்டமாகிவிட்டது, ஒரு மணி நேரம் கட்டத்தின் பக்கமாகிவிட்டது. 9 சென்டிமீட்டர் கட்டத்தில் காசு தப்பிப்பதும், 18 நிமிடம் காத்திருக்கும் தோழிகள் சந்திக்காமல் போவதும் ஒரே நிகழ்தகவு. ஃபார்முலாவாகப் படித்த பிள்ளைக்கு இரண்டும் இரண்டு ஃபார்முலா. படம் போட்ட பிள்ளைக்கு ஒரே படம்.

இதே சதுரம் வயலிலும் இருக்கிறது. வேளாண் துறையில் வேலை பார்த்த என் மைத்துனர் பயிர் அறுவடைப் பரிசோதனைக்குப் போவார். வயலின் தென்மேற்கு மூலையை ஆதியாக வைத்து, நீளவாக்கில் ஒன்று, அகலவாக்கில் ஒன்று என இரண்டு சமவாய்ப்பு எண்கள் எடுத்து, அந்தப் புள்ளியிலிருந்து 5 மீட்டருக்கு 5 மீட்டர் கட்டம் கட்டி, அதற்குள் இருக்கும் நெல்லை மட்டும் அறுத்து எடை போடுவார்கள். கட்டம் வரப்பைத் தாண்டக் கூடாது. ஆகவே 25 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலமுள்ள வயலில் புள்ளி விழக்கூடிய இடம் 20-க்கு 15, அதாவது 300 சதுர மீட்டர். நடு வயலில் நிற்கும் ஒரு குத்து நெல் கட்டத்துக்குள் வர வேண்டுமானால் புள்ளி 25 சதுர மீட்டருக்குள் எங்கு விழுந்தாலும் போதும்: 25/300. இரண்டு வரப்புகளிலிருந்தும் ஒரு மீட்டர் தள்ளி மூலையில் நிற்கும் குத்து வர வேண்டுமானால் புள்ளி ஒரு சதுர மீட்டருக்குள் விழ வேண்டும்: 1/300. இருபத்தைந்து மடங்கு வித்தியாசம். “எல்லாப் பயிருக்கும் ஒரே வாய்ப்புன்னுதானே மச்சான் சொன்னாங்க” என்றார் மைத்துனர். எல்லாக் கட்டங்களுக்கும் ஒரே வாய்ப்பு, பயிர்களுக்கு இல்லை. இந்த ஒரு வாக்கியத்தை விளக்க எனக்கு ஒரு காகிதமும் இரண்டு தீப்பெட்டியும் தேவைப்பட்டன.

ஆகவே சமவாய்ப்பு என்ற சொல் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று ஒவ்வொரு கணக்கிலும் கேட்க வேண்டும். முருங்கைக்காய்க் கணக்கு அதற்கு நல்ல உரைகல். ஒரு முருங்கைக்காயை மூன்று துண்டாக்குகிறோம். மூன்றையும் வைத்து முக்கோணம் அமைக்க முடியுமா? எந்தத் துண்டும் பாதிக்கு மேல் நீளமாக இருக்கக் கூடாது. வெட்டும் இடங்கள் இரண்டையும் முன்கூட்டியே, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் குறித்துவிட்டால், அந்த இரண்டு இடங்களும் இரண்டு அச்சுகள். படம் போட்டால் நான்கில் ஒரு பங்கு கிடைக்கும், 0.25. ஆனால் வீட்டில் யாரும் அப்படி நறுக்குவதில்லை. முதலில் ஒரு வெட்டு, பிறகு பெரிய துண்டை எடுத்து மறுபடி ஒரு வெட்டு. இப்போது இரண்டாவது அச்சில் போக வேண்டியது வெட்டு விழும் இடம் அல்ல, பெரிய துண்டில் எத்தனையாவது பங்கில் வெட்டு விழுகிறது என்பது. புது அச்சுகளில் எல்லை நேர்கோடாக இருக்காது, அதிபரவளையமாக வளைந்துவிடும். பரப்பு காணத் தொகையிட வேண்டும். 2-இன் இயல் மடக்கையை இரட்டித்து ஒன்றைக் கழித்தால் விடை, ஏறக்குறைய 0.386. அதே காய், அதே மூன்று துண்டு. வெட்டிய விதம் மாறியது, அச்சு மாறியது, விடையும் மாறியது.

இருபடிச் சமன்பாட்டுக்கு வருகிறேன். நம் பாடத்திட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு எனக்குத் தெரியாது. வர்க்க உறுப்பின் கெழு 1. நடுக் கெழுவையும் மாறிலியையும் 0-க்கும் 1-க்கும் இடையில் சமவாய்ப்பாக எடுத்தால் மூலங்கள் மெய்யாக இருக்கும் நிகழ்தகவு என்ன? கிடை அச்சில் நடுக் கெழு, குத்து அச்சில் மாறிலி. தன்மைக்காட்டி குறையெண் ஆகாத புள்ளிகள் ஒரு பரவளையத்துக்குக் கீழே கிடக்கின்றன. தொகையிட்டால் 1/12. கெழுக்களை −1 முதல் 1 வரை எடுத்தால் 13/24. −100 முதல் 100 வரை எடுத்தால் 14/15.

இங்கே ஏதாவது ஒரு மாணவி கட்டாயம் கேட்பாள், கேட்காவிட்டால் நீங்களே தூண்டிவிடுங்கள்: “பொதுவா ஒரு இருபடிச் சமன்பாட்டுக்கு எவ்வளவு சார்?” சதுரத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் விடை 1-ஐ நெருங்குகிறது. ஆனால் சதுரமாகத்தான் பெரிதாக்க வேண்டும் என்று யார் சொன்னது? நடுக் கெழு 10 வரை போகும்போது மாறிலியை 100 வரை விடுங்கள், அது 100 வரை போகும்போது மாறிலியைப் பத்தாயிரம் வரை விடுங்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் விடை 13/24-லேயே நிற்கும், இம்மி நகராது. முடிவில்லாத தளத்துக்கு மொத்தப் பரப்பு கிடையாது. வகுக்க ஒன்றும் இல்லாத இடத்தில் நிகழ்தகவும் இல்லை. வட்டத்தில் ஏதோ ஒரு நாண் வரைந்தால் அது உள்வரைந்த சமபக்க முக்கோணத்தின் பக்கத்தைவிட நீளமாக இருக்குமா என்று கேட்டு, 1/3, 1/2, 1/4 என்று மூன்று விடை காட்டி 1889-இல் ஜோசப் பெர்த்ராண் எல்லோரையும் திணறடித்ததும் இதே ரகம்தான். ‘ஏதோ ஒரு’ என்பதற்கு அச்சில் இடம் கிடையாது.

பூஃபோனுடைய ஊசிக் கணக்கை நான் வகுப்பில் அதிகம் எடுத்ததில்லை. இணைகோடுகள் போட்ட தரையில் ஊசி விழுகிறது, கோட்டைத் தொடுமா? ஒரு அச்சில் ஊசி சாய்ந்த கோணம், மறு அச்சில் அதன் மையத்துக்கும் அருகிலுள்ள கோட்டுக்கும் இடைத்தூரம். சைன் வளைவுக்குக் கீழுள்ள பரப்பைச் செவ்வகத்தின் பரப்பால் வகுத்தால் பை வந்து நிற்கிறது. பிள்ளைகளுக்கு அதில் பிடித்தது கணக்கைவிட, இத்தாலியின் லாஸரினி 1901-இல் செய்ததாக வெளியிட்ட சோதனைக் கதை. ஊசியின் நீளம் கோட்டு இடைவெளியில் ஆறில் ஐந்து பங்கு. 3408 வீச்சு, 1808 தொடுதல். கணக்கிட்டால் பை-க்கு 355/113, ஆறு தசம இடங்கள் சுத்தம். இன்னும் ஒரே ஒரு ஊசி கூடுதலாகத் தொட்டிருந்தால் 3.1399 ஆகியிருக்கும். வசதியான எண் வந்ததும் வீசுவதை நிறுத்தியிருப்பார் என்பது பலருடைய சந்தேகம், எனக்கும்தான். ஆய்வக நோட்டில் அளவீடுகளை ‘சரிசெய்யும்’ நம் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள், வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தோழிகள் கணக்கே முழு உண்மை இல்லை. ஆறு மணி என்றால் ஐந்தே முக்காலுக்கு மேல்தான் பெரும்பாலோர் வருவார்கள். இருவரும் ஒரே டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினால் சதுரம் முழுக்கச் சமமாகப் புள்ளி தூவியது போல இருக்காது, மூலைவிட்டத்தின்மேல் குவிந்துவிடும். அப்போது வெறும் பரப்பு உதவாது. பரப்பை நம்புவதற்கு முன் புள்ளிகள் சமமாகத் தூவப்பட்டிருக்கின்றனவா என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டால், பன்னிரண்டாம் வகுப்பின் நிகழ்தகவு அடர்த்திச் சார்பை விளங்கவைக்க உங்களுக்குப் பாதி உழைப்பு போதும்.

மறுநாள் எதிர்வீட்டுப் பெண் திரும்ப வந்தாள். “சார், மூணாவதா ஒரு ஃப்ரெண்டும் வந்தா? மூணு பேருமே சந்திக்கணும்.”

திண்ணை போதவில்லை. மூன்று அச்சு, சதுரத்துக்குப் பதில் கனசதுரம். அவளே முயன்றாள். முதலில் வருபவள் மூவரில் யாராகவும் இருக்கலாம். அவள் முதல் 45 நிமிடத்துக்குள் வந்தால் மற்ற இருவரும் அடுத்த 15 நிமிடத்துக்குள் வர வேண்டும்: 3 × 3/4 × 1/16, அதாவது 9/64. இல்லையேல் மூவரும் கடைசி 15 நிமிடத்தில் வர வேண்டும்: 1/64. கூட்டினால் 10/64, அதாவது 5/32. விடை வந்துவிட்டது, ஆனால் அது என்ன வடிவம் என்று தெரியாமல் அவளுக்கு நிம்மதி இல்லை. வீட்டிலிருந்து ஒரு சலவை சோப்புக் கட்டியும் கத்தியும் சமையலறைத் தராசும் கொண்டுவந்தாள். 5 சென்டிமீட்டர் கனசதுரமாக வெட்டி எடை போட்டோம், 128 கிராம். பிறகு ஒவ்வொரு இரண்டு அச்சுக்கும் சந்திக்காத மூலைகளைச் சீவத் தொடங்கினோம். ஆறு சீவலில், ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குச் சாய்ந்தபடி ஆறு பட்டைப் பென்சில் ஒன்று வெளியே வந்தது. கணக்குப்படி அது 20 கிராம் இருக்க வேண்டும். தராசு 22 காட்டியது.

நோட்டில் 22/128 என்று எழுதினாள், பக்கத்தில் 5/32 என்று எழுதினாள். நடுவே சமக்குறி போடாமல் விட்டாள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்